பூச்சியம் போட்ட நாள்

பழைய சாமான் வைத்திருக்கும் இடத்துக்கு
நூதனசாலை என்று பெயர்.
தலவாக்கலையிலிருந்து ஆட்டோவில் வந்தால்
மூன்றாவது வளைவில் தகரக் கூரை,
ஓடாத ஃபெக்டரி,
கண்ணாடிக்குள் ஒரு துரையின் தொப்பி.
வாசலில் நான்.
கையில் எண்ணும் கருவி,
ஆளுக்கு ஓர் அழுத்து.

வெளிநாட்டவர், உள்நாட்டவர், மாணவர், இலவசம்:
கொப்பியில் நாலு கட்டம்.
கைக்குழந்தையை எண்ணுவதில்லை.
மலசலகூடம் தேடி இறங்கும் வேன்காரரையும்.

டிசம்பரில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது:
ஆறு ஆண்டு வருகையை வரைபாக அனுப்புக.
கூடவே ஒரு பத்திரிகைத் துண்டு.
பாரிஸில், லண்டனில், பெரிய நூதனசாலைகளில்
எத்தனை இலட்சம் பேர் நுழைந்தார்கள்,
எந்த ஆண்டில் விழுந்தது, எந்த ஆண்டில் எழுந்தது என்று.
மேனேஜர் வீரக்கோன் படித்துவிட்டுச் சொன்னார்:
"பார், அவங்களுக்கும் விழுந்திருக்கு."
சொந்தக்காரர் வீட்டிலும் காய்ச்சல் என்று
கேள்விப்பட்டவர் மாதிரி ஓர் ஆறுதல்.

சதுரத் தாளில் கோடு போட்டேன்.
பதினெட்டில் பதினோராயிரம்.
பத்தொன்பது ஏப்ரல் வரை ஏறி
ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முறிந்தது.
இருபதில், பங்குனியில், கதவைப் பூட்டினோம்;
கருவியின் வில்லில் துரு ஏறியது.
இருபத்தொன்றில் எண்ணூற்றுச் சொச்சம்,
ஒருவர் முகத்தையும் முழுதாகப் பார்க்கவில்லை.
இருபத்திரண்டில் பெட்ரோல் வரிசை.
வேன் இல்லை. ஆட்டோ இல்லை.
இருபத்துமூன்றில் மறுபடி ஏற்றம்.
"மலை மாதிரியே இருக்கு" என்றார் வீரக்கோன்.
மலையை எனக்குத் தெரியும்.
மலை இப்படித் தனியாக விழாது,
விழுந்தால் லயத்தோடு விழும்.

கோட்டின் ஆக அடியில், ஒரு ஜூலை நாளில்,
பூச்சியம்.
அதைப் பற்றிக் கொழும்பு கேட்கவில்லை.

காற்றோடு மழை அன்றைக்கு. பத்து மணி இருக்கும்.
எட்டாம் நம்பர் மலையிலிருந்து இரண்டு பேர்
கொழுந்துச் சாக்கோடு ஓடி வந்தார்கள்.
இடுப்பில் கட்டிய படங்கு சொட்டியது.
அட்டை கடித்த காலில் இரத்தம் நிற்காமல்.
ஒருத்தி ஞானாம்பா, மற்றவள் ரொசலின்.
டிக்கட் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

தொப்பியைப் பார்த்த ரொசலின்
"சின்னத் தலை" என்றாள்.
ஞானாம்பா நேரே போய்
தொடாதீர்கள் என்று மூன்று மொழியில் எழுதிய
கிலோத் தராசில் சாக்கைக் கொளுவினாள்.
எத்தனை வருடம் கிடந்த முள்ளோ,
ஒரு தரம் நடுங்கிச் சுற்றி
இருபத்திரண்டில் நின்றது.
"தண்ணியும் சேத்துத்தான்" என்றாள்
யாரும் தகராறு செய்வதற்கு முன்பே.

என் கட்டைவிரல் கருவியின் மேல்.
உள்நாட்டவர், இரண்டு.
இலவசம் என்றும் போடலாம்.
"எழுதிராத புள்ள" என்றாள் ஞானாம்பா.
"வேலை நேரத்துல இங்கன நின்னோமுன்னு தெரிஞ்சா
அரைப்பேரு போட்டுருவாங்க."
இது அந்தக் கணக்கு இல்லை என்று
கொப்பியை விரித்துக் காட்டினேன்.
"எந்தக் கணக்கா இருந்தா என்ன,
எழுதுனா எங்கயாவது வெட்டும்"
இது ரொசலின்.

மழை விட்டதும் போனார்கள்.
தரையைத் துடைத்தேன்.
முள் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை,
ஒன்றரையில் ஒட்டிக்கொண்டது.
தட்டிப் பார்த்தேன். ம்ஹூம்.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்:
"மடுவத்துல பதினேழு போட்டாங்க!"
தராசு பழசு. மழைத் தண்ணீர். சாக்கின் எடை.
எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது.

வரைபை அனுப்பிவிட்டேன்.
அடுத்த ஆண்டு இலக்கு பன்னிரண்டாயிரம் என்று பதில்.
நேற்று ஒரு வெள்ளைக்காரப் பையன் கேட்டான்,
ஒன்றுமே தொங்காத தராசு
ஏன் ஒன்றரை காட்டுகிறது என்று.
பதில் சொல்ல வாய் திறந்து,
அவனை இன்னும் எண்ணவில்லை என்று நினைவு வந்து
கருவியை அழுத்தினேன்.